பனியில் விழுந்து மார்க் போட்டவள்

பனியே விழாத பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பனிச்சறுக்குப் பலகைக்கு மார்க் போடுவது என் தொழில் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சம்பளம் உண்டா என்று கேட்பார்கள்.

உண்டு. எங்கள் கடை காக்ஸ் டவுன் பக்கம். கூடாரம், மழைக்கோட்டு, மலையேறும் பூட்ஸ் எல்லாம் முன்பக்கம். பனிச் சாமான்கள் பின்பக்கம். குளிர்காலம் வந்தால் கம்பெனியே ஆட்களைச் சேர்த்து காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்குக்குக் கூட்டிப்போகும், பலகையும் வாடகைக்குக் கொடுக்கும். ஆளுக்கு ஒரு ஜோடிதான். அந்த ஒரு ஜோடி காலையில் கடப்பாக்கல் மாதிரி இறுகிக் கிடக்கும் பனியிலும் ஓட வேண்டும், மதியம் ராகிக் கூழாக இளகிப்போன பனியிலும் ஓட வேண்டும், ஓரத்தில் புதிதாக விழுந்து குவிந்த பனியில் மூழ்காமலும் வர வேண்டும். இப்படி எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கிற பலகைக்கு 'ஆல் மவுன்டன்' என்று பெயர். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் நான் நாலைந்து மாதிரி ஜோடிகளோடு மேலே போய், ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு சறுக்கிப் பார்த்து, எதை வாங்கலாம் என்று எழுதித் தர வேண்டும்.

யாருக்கான பலகை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. புதிதாகக் கற்பவருக்கும் இல்லை, கரைகண்டவருக்கும் இல்லை. நடுவில் நிற்பவருக்கு. கடை பாஷையில் இன்டர்மீடியட். லைசென்ஸ் வாங்கிப் பத்து வருஷம் ஆகியும் மேம்பாலத்தில் லேன் மாறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறவரா நீங்கள்? கன்னடம் எல்லாம் புரியும், பேச வாயெடுத்தால் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்கிறதா? தினமும் நன்றாக வரும் சாம்பார் விருந்தாளி வந்த அன்றைக்குக் காலை வாருகிறதா? வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

என்னை இந்த வேலைக்குப் போட்டவர் முதலாளி முரளிதர் சார். நான் பூட்ஸ் பிரிவில் கால் அளந்துகொண்டிருந்தவள். பெண்கள் குழுவுக்குத் துணையாக இரண்டு தடவை மேலே போனதில் கொஞ்சம் சறுக்கக் கற்றேன், நிறைய விழுந்தேன். கெட்டிக்காரன் எந்தப் பலகையிலும் போய்விடுவான், அவன் போடும் மார்க் நம் வாடிக்கையாளருக்கு உதவாது என்பது சாரின் கொள்கை. அதனால் என்னைப் பிடித்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். நான் இன்டர்மீடியட்டாக இருக்கும்வரைதான் இந்த வேலை. நன்றாக ஓட்ட வந்துவிட்டால் மலைக்கு வேறு ஆள், நான் மறுபடி பூட்ஸ் பிரிவு. அது எங்கே வரப்போகிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

குடத்தோடு நின்றவர்கள்

ஜீவனஹள்ளியில் எங்கள் சந்தில் ஒரு வீட்டுச் செய்தி கடைசி வீட்டுக்குப் போய்ச்சேர ஐந்து நிமிஷம் போதும். முதல் வருஷம் நான் முகம் கறுத்து, மூக்குத் தோல் உரிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியதும், தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றவர்கள் அத்தனை பேரும் விசாரித்தார்கள். மாமியார் வீட்டில் அடித்துவிட்டார்களோ என்றுகூட ஒருவர் ஜாடையாகக் கேட்டார்.

எதிர்வீட்டுச் செல்விக்கு மட்டும் நான் முழுதாக விளக்கினேன். கம்பெனி டிக்கெட் எடுத்துக் கொடுக்கும், நான் மேலே போய்ச் சறுக்குவேன், விழுவேன், எதனால் விழுந்தேன் என்று விவரமாக எழுதிக் கொடுப்பேன், அதைச் சார் உட்கார்ந்து படிப்பார் என்றேன். செல்வி நாலு வீட்டில் தரை துடைக்கிறவள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, கேலியே இல்லாமல் சொன்னாள்: "நாங்களும்தான் பாத்ரூம் கழுவறப்ப வழுக்கி உழறோம். எதனால உழுந்தேன்னு எங்களை எவன் கேக்கறான்?"

எடை மிஷின்

பலகையில் பூட்ஸைப் பிடித்துவைக்க ஒரு கிளிப் உண்டு. பைண்டிங் என்போம். ஓடும்போது அது பிடித்துக்கொள்ள வேண்டும், விழும்போது விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் கால் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு இறுக்குவது என்பதை ஆளின் எடை, உயரம், வயது, திறமை எல்லாவற்றையும் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். இதில் எடையையும் திறமையையும் பற்றி உண்மை சொன்ன மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எடையில் குறைப்பார்கள், திறமையில் கூட்டுவார்கள். அதனால் எங்கள் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் யூசுஃப் பாய் ஒரு எடை மிஷினை வாங்கிப் போட்டார். அதில் ஏறாமல் அவரிடமிருந்து ஒரு பலகையும் வெளியே போகாது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே ஐ.டி.யில் இருக்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். ஆன்சைட் போன இடத்தில் ஒரு நாள், மூன்று மணி நேரம் சறுக்கியிருக்கிறார். படிவத்தில் 'இன்டர்மீடியட்' என்று டிக் அடித்து, எடை எழுபத்திரண்டு என்று எழுதினார். மிஷின் எண்பத்து நாலு காட்டியது. படிவத்தைத் திருத்தச் சொல்லி பாய் பேனாவை நீட்டினார். கோயம்புத்தூர்க்காரர் சளைக்கவில்லை. "அது லேப்டாப் பேகோட சேத்துங்க" என்றார். அவர் மனைவி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பேக் என்ற கையில இருக்குதுங்க."

அய்யோ கணக்கு

முரளிதர் சார் எனக்காகத் தயாரித்த படிவத்தில் பத்துக் கேள்விகள். இடது பக்கம் திரும்புவது எப்படி, வலது பக்கம் எப்படி, இறுகிய பனியில் பலகையின் ஓரம் வழுக்காமல் கடிக்கிறதா, வேகத்தில் நடுங்குகிறதா, கூட்டத்தில் சட்டென்று நிறுத்த முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் படிவத்தோடு உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. பயத்தில் இறங்கி வந்தவளுக்கு ஓரம் கடித்ததா நக்கியதா என்று எப்படித் தெரியும்? ஒன்று மட்டும் நன்றாக நினைவிருந்தது. முதல் ஜோடியில் வாய்விட்டு 'அய்யோ' என்று பதினாலு தடவை கத்தியிருந்தேன். இரண்டாவது ஜோடியில் ஐந்தே தடவை.

அதனால் அடியில் பதினோராவது வரியாக நானே எழுதினேன்: 'ஒரு இறக்கத்துக்கு எத்தனை அய்யோ'. சார் அதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஆனால் அய்யோ குறைந்த பலகையை எடுத்துக்கொண்டு போன குழு சந்தோஷமாகத் திரும்பி வந்தது. இரண்டாவது வருஷமும் அப்படியே. அதற்குப் பிறகு யூசுஃப் பாய் என் படிவத்தைக் கீழிருந்துதான் படிக்க ஆரம்பித்தார். "பாக்கி பத்து கேள்வியும் சார் படிக்கட்டும் கலாம்மா. எனக்கு இந்த ஒரு லைன் போதும்."

ஒரு விபத்து

மூன்றாவது வருஷம் ஒரு விபத்து நடந்தது. எனக்குச் சறுக்க நன்றாக வந்துவிட்டது. வலது பக்கம் திரும்பும்போது எப்போதும் ஒரு அய்யோ வரும். அன்றைக்கு வரவில்லை. திரும்பிய பிறகுதான் திரும்பிவிட்டேன் என்றே தெரிந்தது. கீழே வந்து நின்று திரும்பிப் பார்த்தால் என் தடம் பனியில் வளைந்து வளைந்து அழகாக இருந்தது. இந்த வேலைக்கு முன் பள்ளிச் சுற்றுலாவில் மைசூர் வரை மட்டுமே போனவள் நான். அந்த மலை வருஷத்தில் ஒரு வாரம் என்னுடையது. அதற்காகவே மீதி வருஷமெல்லாம் அடுத்தவர் கால்களை அளந்துகொண்டிருந்தேன். நன்றாக வந்த சந்தோஷத்தில் பாதி நிமிஷம் போயிருக்கும், நிபந்தனை ஞாபகம் வந்தது.

மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அதே வாரம் மேலே வந்திருந்த பெண்கள் குழுவில் ஒருவர் நடு இறக்கத்தில் பயந்து நின்றுவிட, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் சறுக்கியே கீழே வரை கூட்டிவந்தேன். அதை யாரோ வீடியோ எடுத்து குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பின்னோக்கிச் சறுக்குகிற இன்டர்மீடியட் உலகத்தில் கிடையாது. முரளிதர் சார் என்னைக் கூப்பிட்டு, வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டார். ஏதோ தற்செயலாக வந்துவிட்டது சார் என்று மழுப்பினேன். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, கெஞ்சுகிற மாதிரி சொன்னார்: "கலா, ஸ்வல்ப கம்மியா கத்துக்கோம்மா. உன்ன மாதிரி இன்னொரு ஆளை நான் எங்க தேடுவேன்?"

நாலாம் நம்பர்

அன்றிலிருந்து அய்யோக்களை நானே தயாரிக்க ஆரம்பித்தேன். ஒரு பலகையில் வழுக்கிக்கொண்டு வருவேன், வாயிலிருந்து சத்தமே வராது. பழைய நானாக இருந்தால் எத்தனை கத்தியிருப்பேன் என்று யோசித்து ஒரு எண்ணை எழுதுவேன். நாலாவது வருஷம் எப்படியோ தப்பித்தேன். ஐந்தாவது வருஷம் நாலாம் நம்பர் ஜோடி வந்தது. சிவப்பு நிறம், நடுவில் நல்ல அகலம், வளைத்தால் வளையாத விறைப்பு. அதில் ஏறியதும் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு நன்றாக ஓடியது. பயம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. 'இரண்டு அய்யோ' என்று எழுதினேன். சார் பன்னிரண்டு ஜோடி வாங்கினார்.

நடுவில் நிற்பவருக்குப் பயம் வந்தால் உடம்பைப் பின்னால் சாய்ப்பார். இளக்கமான பலகை அதைப் பொறுத்துக்கொண்டு திரும்பும். விறைப்பான பலகை பொறுக்காது. பின்னால் சாய்ந்தால் நேராக ஓடும். இது எனக்குத் தெரியாததில்லை. சந்தாபுராவில் அழகு நிலையம் நடத்தும் பத்மாக்கா அந்தத் தை மாதம் மூன்றாவது தடவையாக மலைக்குப் போனார். நாலாம் நம்பர் அவரை நேராக ஒரு வேலிக்கு இழுத்துப்போனது. வலது மணிக்கட்டு முறிந்தது. புருவம் திருத்துகிறவருக்கு வலது மணிக்கட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். முகூர்த்த மாதத்தில் ஒப்புக்கொண்ட கல்யாணப் பெண்களையெல்லாம் வேறு கடைக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்தார். சண்டைக்கு வந்தாரோ என்று நினைத்தேன். பலகையில் கீறல் விழுந்ததற்கு மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். "நல்ல பலகைதான் கலா. பாழாப்போன எனக்குத்தான் தைரியம் பத்தல. எனக்கெல்லாம் இது வராது, உட்டுடறேன்."

முரளிதர் சாரின் அறை

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பத்மாக்காவே பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டுவிட்டார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. இரண்டு நாள் பூட்ஸ் பிரிவில் ஏழு சைஸ் காலுக்கு ஒன்பது எடுத்துக்கொடுத்தேன். எட்டுக் குழு இன்னும் போக வேண்டியிருந்தது. கீறல் விழுந்தது போக மீதிப் பதினோரு ஜோடி நாலாம் நம்பர் அலமாரியில் வரிசையாக நின்றது.

மூன்றாம் நாள் சாரின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அய்யோ எல்லாம் பொய், எனக்குப் பயம் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது, மலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். பேசி முடிக்கும்போது அழுதுவிட்டேன், அது எனக்கே பிடிக்கவில்லை. சார் முதலில் யூசுஃப் பாயைக் கூப்பிட்டு நாலாம் நம்பர் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது என்றார். பிறகு பத்மாக்காவுக்குப் போன் போட்டு, வைத்தியச் செலவு கம்பெனியுடையது என்றார். அதெல்லாம் முடிந்து நான் கதவைத் திறந்தபோது பின்னாலிருந்து கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். "ரெண்டு வருஷமா நல்லா ஓட்டற. அதுக்கு ஒரு நாளாவது உன்ன சபாஷ்னு சொல்ல விட்டியாம்மா?"

சந்தாபுரா

கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிச் சந்தாபுரா போனேன். போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. பத்மாக்கா ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை பல்லில், மறு முனை விரல்களில். வலது கை இன்னும் மெதுவாகத்தான் திறந்து மூடியது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் காது திறந்திருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். "அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அது உங்களுக்கான பலகையே இல்ல. எனக்கு மலைக்குப் போகணும்கற ஆசையில நான் பொய் மார்க் போட்டேன்."

திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் புருவத்தை முடித்து, பவுடர் தடவி, கண்ணாடியைக் காட்டி, பெண்ணை அனுப்பிவைத்தார். பிறகு நூலை எடுத்து ஓரமாக வைத்தார். இத்தனை நாளாக அவர் உள்ளுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தது கை இல்லை, வேறு ஒன்று என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அப்ப, எனக்கு வராதுன்னு இல்ல. அப்படித்தானே கலா?"

புது ஆள்

ஆறாவது டிசம்பரில் மலைக்குப் போன இன்டர்மீடியட் பத்மாக்கா. யோசனை என்னுடையது. சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், உண்மையாக விழுவார்களா என்று. சத்தியம் செய்து கொடுத்தேன். படிவம் எழுதப் பழக்குவதற்காக அந்த ஒரு தடவை மட்டும் நானும் கூடப் போனேன். அக்கா சாதாரண நாளிலேயே முருகனைக் கூப்பிடுகிறவர் என்பதால், பதினோராவது வரியில் 'அய்யோ'வை அடித்துவிட்டு 'முருகா' என்று மாற்றினோம். முதல் ஜோடிக்கு ஏழு முருகா. இரண்டாவதுக்கு மூன்று.

மூன்றாவது ஜோடி விறைப்பு. நாலாவது வளைவிலேயே குப்புற விழுந்தார். கிளிப் ஒழுங்காக விட்டுவிட்டது, பலகை ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். நான் பக்கத்தில் போய் நின்றேன். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார், சரியாக இருந்தது. உடனே, விழுந்து கம்பெனிப் பெயரைக் கெடுத்துவிட்டவர் மாதிரி, "சாரி கலா, நான் சரியா நிக்கல, இத கணக்குல எழுதாத" என்றார். நான் படிவத்தை எடுத்து, அவர் கண் முன்னால் மூன்றாம் நம்பருக்கு எதிரே மூன்று மார்க்கைக் கழித்தேன். உங்களுக்கு மார்க் இல்லை அக்கா, நீங்கள் விழுந்தால் பலகைதான் ஃபெயில் என்றேன். அவர் கையிலிருந்த பனியைத் தட்டவே மறந்துபோய், கழித்த எண்ணையே பார்த்தார். பிறகு எழுந்திருக்காமல், பனியில் சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அடிப்பாவி, இத மொதல்லயே சொல்லியிருந்தா இத்தன வருஷமும் நிம்மதியா உழுந்திருப்பேனே."

வேலை தெரியாததால் வேலை போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலை நன்றாக வந்துவிட்டதால் வேலை போய், அதையும் தானே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்துவிட்டு, இப்போது ஏழு சைஸ் காலுக்குச் சரியாக ஏழே எடுத்துக்கொடுத்துக்கொண்டிருப்பவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.